பெருந்தொற்றுக் காலத்தில் குடல் அழற்சி நோயைக் கட்டுக்குள் வைத்திருப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

வைரஸ் பரவுகிறது என்று செய்தி வந்ததும் குடல் அழற்சி நோய் உள்ளவர்களுக்கு வரும் முதல் கேள்வி: "நான் சாப்பிடுவது எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்தாச்சே, கொஞ்ச நாளைக்கு நிறுத்திவிடலாமா?" பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்களாக நிறுத்தாதீர்கள்.

குடல் அழற்சி நோயின் இரண்டு முக்கிய வகைகளான கிரோன் நோயிலும் அல்சரேட்டிவ் கொலைட்டிஸிலும் உடலின் எதிர்ப்பு மண்டலம் குடலையே தாக்குகிறது. மருந்துதான் அதை அடக்கி வைத்திருக்கிறது. மருந்தை விட்டால் நோய் கிளம்பும். கிளம்பினால் அதிக அளவில் ஸ்டீராய்டு, மருத்துவமனைப் படுக்கை, சிலருக்கு அறுவை சிகிச்சை வரை போகும். வைரஸுக்குப் பயந்து மருந்தை விட்டவர், வைரஸ் நோயாளிகள் நிறைந்திருக்கும் அதே மருத்துவமனையில் போய்ப் படுக்க வேண்டியதாகிவிடும்.

இன்னொரு விஷயம். பல மருந்துகள் நிறுத்திய மறுநாளே உடம்பை விட்டுப் போய்விடுவதில்லை. இன்ஃப்ளிக்சிமாப் என்ற ஊசி மருந்து வாரக்கணக்கில் ரத்தத்தில் இருக்கும். அசதியோபிரின் மாத்திரையின் விளைவு குறையவும் வாரங்கள் பிடிக்கும். ஆகவே இன்று நிறுத்தினால் நாளை எதிர்ப்புச் சக்தி கூடிவிடாது. குடல் மட்டும் மெல்ல மெல்லக் கெட ஆரம்பிக்கும்.

கீழே சொல்லியிருப்பவற்றில் பெரும்பாலானவை கோவிட் காலத்தில் கற்ற பாடங்கள். அடுத்து வரும் வைரஸ் வேறு மாதிரி நடந்துகொள்ளலாம். அதனால் எந்த மாற்றத்தையும் உங்கள் குடல்நோய் மருத்துவரிடம் கேட்டுவிட்டே செய்யுங்கள்.

படி 1: உங்கள் ஆபத்து எங்கே இருக்கிறது என்று பாருங்கள்

குடல் அழற்சி நோய் இருக்கிறது என்பதாலேயே கோவிட் அதிகம் தொற்றியதாகத் தெரியவில்லை. தொற்றிய பிறகு யாருக்கு முற்றும் என்பதில்தான் வித்தியாசம் தெரிந்தது. 2020 மார்ச்சில் செக்யூர்-ஐபிடி என்ற சர்வதேசப் பதிவேட்டைத் தொடங்கினார்கள். குடல் அழற்சி நோயாளி ஒருவருக்குக் கோவிட் வந்தால், அவரைப் பார்க்கும் மருத்துவர் அதில் விவரம் பதிய வேண்டும். 33 நாடுகளைச் சேர்ந்த முதல் 525 பேரின் விவரம் அதே ஆண்டில் வெளிவந்தது. வயது கூடுவது, கூடவே வேறு இரண்டு நோய்கள் இருப்பது, ஸ்டீராய்டு எடுப்பது ஆகிய மூன்றும் தொற்று முற்றுவதோடு சேர்ந்து வந்தன. பலரும் பயந்த இன்ஃப்ளிக்சிமாப், அடாலிமுமாப் போன்ற டிஎன்எஃப் தடுப்பு ஊசிகள் (அழற்சியைத் தூண்டும் டிஎன்எஃப் என்ற புரதத்தைத் தடுப்பவை, தடுப்பூசி அல்ல) அந்தப் பட்டியலில் இல்லை.

உங்கள் மருந்துச் சீட்டை எடுத்து வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

மெசலமைன், சல்ஃபாசலசின்: எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்துகளில் இவை சேராது. தொடருங்கள், தொற்று வந்தாலும்.

பிரெட்னிசோலோன்: கவனம் அதிகம் வேண்டியது இதற்குத்தான். ஒரு நாளுக்கு 20 மில்லிகிராமோ அதற்கு மேலோ எடுப்பவர்களை மருத்துவர்கள் அதிக ஆபத்துப் பிரிவில் வைத்தார்கள். அதற்காக இன்றே நிறுத்திவிடக் கூடாது. சில வாரங்களாக ஸ்டீராய்டு எடுப்பவருக்கு அட்ரீனல் சுரப்பி தன் வேலையைக் குறைத்துக்கொண்டிருக்கும். திடீரென்று மாத்திரையை நிறுத்தினால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அளவைப் படிப்படியாகக் குறைக்க முடியுமா, குடலோடு நின்றுவிடும் புடசோனைடுக்கு மாற முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். தொற்று உங்கள் பகுதிக்கு வருவதற்கு முன்பே இதைக் கேட்டுவிட்டால் நல்லது.

அசதியோபிரின், மெர்காப்டோபியூரின், மெத்தோட்ரெக்சேட்: நோய் அடங்கியிருக்கும்போது தொடர வேண்டும். அசதியோபிரினையும் டிஎன்எஃப் தடுப்பு ஊசியையும் சேர்த்து எடுப்பவர்களுக்கு, ஊசி மட்டும் எடுப்பவர்களைவிடக் கோவிட் கடுமையானது என்று அதே பதிவேட்டின் பிந்தைய அலசல் காட்டியது. நீண்ட காலமாக நோய் அடங்கியிருந்தால் இரண்டில் ஒன்றைக் குறைக்கலாமா என்பது கேட்க வேண்டிய கேள்விதான். முடிவை மட்டும் மருத்துவரிடம் விடுங்கள்.

வெடோலிசுமாப் என்ற ஊசி பெரும்பாலும் குடலில் மட்டும் வேலை செய்யும். உஸ்டெகினுமாப் ஊசியும் கவலை தரவில்லை. டோஃபாசிடினிப் போன்ற மாத்திரைகள் வேறு ரகம், அவை உடம்பை விட்டுச் சீக்கிரம் வெளியேறிவிடும். அதனால் தொற்று வரும்போது அவற்றை நிறுத்திவைப்பதில் உடனடிப் பயன் உண்டு.

ஒரு சந்தேகம் வரலாம். ஸ்டீராய்டு ஆபத்து என்கிறோம், ஆனால் கோவிட் முற்றியவர்களுக்கு மருத்துவமனையில் ஸ்டீராய்டுதானே கொடுத்தார்கள்? உண்மைதான். 2020 ஜூனில் வெளிவந்த பிரிட்டன் ஆய்வொன்று, ஆக்சிஜன் தேவைப்பட்டவர்களிடையே டெக்சாமெத்தசோன் இறப்பைக் குறைத்ததாகச் சொன்னது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு அதனால் பயன் தெரியவில்லை. முதல் நாட்களில் வைரஸ் பெருகுகிறது, அப்போது எதிர்ப்பு மண்டலம் விழித்திருக்க வேண்டும். பிற்பாடு அந்த எதிர்ப்பே அளவு மீறி நுரையீரலைக் கெடுக்கும்போதுதான் ஸ்டீராய்டு கைகொடுக்கிறது. பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுத்தார்கள் என்று முதல் நாள் காய்ச்சலுக்கே வாங்கிச் சாப்பிடுவது இதனால்தான் தவறு.

படி 2: ஒரே தாளில் எல்லாம்

ஒரு தாளில் எழுதி அதைக் கைபேசியிலும் படமாக வைத்துக்கொள்ளுங்கள். என்ன நோய், எந்த ஆண்டு கண்டுபிடித்தது, குடலின் எந்தப் பகுதி, செய்த அறுவை சிகிச்சைகள், இப்போதைய மருந்தும் அளவும், கடைசி ஊசியின் தேதி, அடுத்ததன் தேதி, ஒவ்வாமை, போட்ட தடுப்பூசிகள், மருத்துவரின் எண். ஸ்டீராய்டு எடுப்பவர் என்றால் அதை முதல் வரியிலேயே பெரிய எழுத்தில் எழுதுங்கள். மயங்கிய நிலையில் உங்களைக் கொண்டுபோனால், அவசரப் பிரிவில் இருப்பவருக்கு முதலில் தெரிய வேண்டியது அதுதான். வீட்டில் ஒருவருக்காவது இந்தத் தாள் எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

மருந்துக் கையிருப்பு ஒரு மாதத்துக்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் குவிக்க வேண்டியதில்லை, உங்களைப் போலவே இன்னொருவருக்கும் அது தேவைப்படும். அட்டை முடிய இரண்டு வாரம் இருக்கும்போதே அடுத்ததை வாங்கிவிடும் பழக்கம் வேண்டும். ஊசி மருந்து என்றால் குளிர்பதனப் பெட்டியில் 2 முதல் 8 டிகிரி வரை. உறையவிடக் கூடாது, உறைந்ததை வெளியே வைத்து இளக்கிப் போடவும் கூடாது. மின்சாரம் போனால் வெளியில் எத்தனை நாள் தாங்கும் என்பது மருந்துக்கு மருந்து மாறும். பெட்டிக்குள் இருக்கும் தாளில் அது எழுதியிருக்கும், இப்போதே படித்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 3: நேரில் போகாமலே நோயைக் கண்காணிப்பது

நேரில் போகும் சந்திப்புகள் குறையும்போது நீங்கள் எழுதி வைக்கும் குறிப்புதான் மருத்துவரின் கண். தினமும் ஒரு வரி போதும்: "செவ்வாய். பகலில் 4 முறை, இரவில் எழுந்து 1 முறை. ரத்தம் இல்லை. வலி குறைவு. எடை அதே." இரவில் எழுந்து போனதைத் தவறாமல் எழுதுங்கள். தூக்கத்தைக் கலைக்கும் வயிற்றுப்போக்கு அழற்சியின் அடையாளமாக இருக்கலாம்.

மலத்தில் கால்ப்ரொடெக்டின் என்ற புரதத்தின் அளவு பார்க்கும் பரிசோதனை இந்தக் காலத்தில் மிகவும் உதவும். மாதிரியை வீட்டிலேயே எடுத்துக் கொடுத்துவிடலாம். பொதுவாக ஒரு கிராமுக்கு 50 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் நிம்மதி. 250-க்கு மேல் போனால் குடலில் அழற்சி இருக்க வாய்ப்பு அதிகம். இடைப்பட்ட எண் வந்தால் சில வாரம் கழித்து மறுபடி பார்ப்பார்கள். ஒரு எண்ணைப் பார்த்து அலற வேண்டாம், ஏறுகிறதா இறங்குகிறதா என்பதுதான் முக்கியம். அசதியோபிரின் எடுப்பவர்கள் ரத்த அணுக்களையும் கல்லீரலையும் வழக்கமாகப் பார்ப்பதைத் தொற்றைக் காரணம் காட்டித் தள்ளிப்போடக் கூடாது. கூட்டமில்லாத நேரத்தில் போய் ரத்தம் கொடுத்துவிட்டு வந்துவிடலாம்.

மருத்துவருக்கு அனுப்பும் செய்தி "வயிறு சரியில்லை டாக்டர்" என்று இருந்தால் அவர் நாலு கேள்வி கேட்டு, நீங்கள் பதில் போட்டு, ஒரு நாள் ஓடிவிடும். இப்படி எழுதுங்கள்:

"வணக்கம் டாக்டர். எனக்கு அல்சரேட்டிவ் கொலைட்டிஸ், மெசலமைனும் அசதியோபிரினும் எடுக்கிறேன், விடாமல் சாப்பிடுகிறேன். மூன்று நாளாக ஒரு நாளுக்கு 5 முறை போகிறது, வழக்கமாக 2 முறைதான். நேற்றிலிருந்து ரத்தம் கொஞ்சம் தெரிகிறது. காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை. வீட்டில் யாருக்கும் தொற்று இல்லை. தண்ணீர் குடிக்க முடிகிறது. என்ன பரிசோதனை செய்ய வேண்டும்?"

படி 4: நரம்பு வழியாக ஏற்றும் மருந்தும் ஊசியும்

மருத்துவமனையில் நரம்பு வழியாக இன்ஃப்ளிக்சிமாப் ஏற்றிக்கொள்பவர்கள்தான் அதிகம் தடுமாறுவார்கள். வழக்கமாக எட்டு வாரத்துக்கு ஒருமுறை போக வேண்டியிருக்கும். போனால் தொற்று வந்துவிடுமோ என்று பயம். ஒருமுறையைத் தவறவிட்டு மாதக்கணக்கில் இடைவெளி விட்டால் உடம்பு அந்த மருந்துக்கு எதிராகவே எதிர்ப்பொருள் உண்டாக்கிவிடலாம். பிறகு மருந்து வேலை செய்யாமல் போகலாம், ஏற்றும்போதே கடுமையான ஒவ்வாமையும் வரலாம். நன்றாகக் கேட்டுக்கொண்டிருந்த மருந்தை அப்படி இழந்துவிட்டால் திரும்பக் கிடைப்பது கஷ்டம்.

ஆகவே தேதியை விடாதீர்கள். போகும் நாளுக்கு முன்தினம் அழைத்து, தொற்று நோயாளிகளுக்கும் உங்களுக்கும் தனித்தனி இடம் இருக்கிறதா என்று கேளுங்கள். தனியாகப் போங்கள், நன்றாகப் பொருந்தும் முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். காய்ச்சலோ இருமலோ இருந்தால் போவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

"வீட்டிலேயே போட்டுக்கொள்ளும் ஊசிக்கு மாறிவிடலாமே?" இன்ஃப்ளிக்சிமாபுக்கும் வெடோலிசுமாபுக்கும் தோலுக்கடியில் போடும் வடிவம் உண்டு. கிடைத்தால், அதே மருந்தின் அந்த வடிவத்துக்கு மாறலாமா என்று கேட்கலாம். ஆனால் வசதிக்காக இன்ஃப்ளிக்சிமாபிலிருந்து அடாலிமுமாபுக்குத் தாவுவது வேறு கதை. நோய் அடங்கியிருந்தவர்களை அப்படி மாற்றிப் பார்த்த ஆய்வொன்று 2012-ல் வெளிவந்தது. மருந்து ஒத்துக்கொள்ளாததாலும் பலன் குறைந்ததாலும் பலர் ஓராண்டுக்குள் அடாலிமுமாபை விட வேண்டியதாயிற்று.

படி 5: தடுப்பூசி

கேட்க வேண்டிய முதல் கேள்வி: இதில் பெருகக்கூடிய உயிருள்ள வைரஸ் இருக்கிறதா? இருந்தால், எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து எடுப்பவர்கள் பொதுவாகத் தவிர்க்க வேண்டும். மூக்கில் தெளிக்கும் ஃப்ளூ மருந்து, தட்டம்மை, சின்னம்மை, மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிகள் இந்த வகை. செயலிழக்கச் செய்த வைரஸ், எம்ஆர்என்ஏ, புரதத் துண்டு, பெருக முடியாத வைரஸை வாகனமாகக் கொண்டவை எல்லாம் போட்டுக்கொள்ளலாம். ஆண்டுதோறும் ஃப்ளூ ஊசியும், வயதையும் மருந்தையும் பொறுத்து நிமோனியா ஊசியும் கூடவே வேண்டும். இரண்டு தொற்று ஒன்றாக வந்தால் சமாளிப்பது கடினம்.

இன்ஃப்ளிக்சிமாப் எடுப்பவர்களுக்குக் கோவிட் தடுப்பூசிக்குப் பிறகு உருவான எதிர்ப்பொருள், வெடோலிசுமாப் எடுப்பவர்களைவிடக் குறைவாக இருந்ததாக 2021-ல் பிரிட்டன் ஆய்வு காட்டியது. "அப்படியானால் போட்டு என்ன பயன்?" என்று சிலர் விட்டுவிட்டார்கள். சரியான முடிவு அதற்கு நேர்மாறானது: கூடுதல் தவணை எப்போது என்று கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ள வேண்டும். மருந்து ஏற்றும் தேதியோடு பொருத்தப் பார்த்து நாளைக் கடத்தாதீர்கள், கிடைக்கும் நாளில் போடுங்கள். கர்ப்பமாக இருக்கும்போது டிஎன்எஃப் தடுப்பு ஊசி எடுத்தவர்கள், குழந்தைக்கு உயிருள்ள தடுப்பூசி எதையும் போடுவதற்கு முன் குழந்தை மருத்துவரிடம் அதைச் சொல்ல மறக்கக் கூடாது.

படி 6: வீட்டில்

கை கழுவுவது, காற்றோட்டம், முகக்கவசம் எல்லோருக்கும் பொது. குடல் நோய் உள்ளவர்களுக்குச் சேர்த்துச் சொல்ல வேண்டியது கழிப்பறை பற்றி. கொரோனா வைரஸின் மரபணுத் தடயம் நோயாளிகளின் மலத்தில் கிடைத்தது. வீட்டில் ஒருவருக்குத் தொற்று இருந்து கழிப்பறை ஒன்றுதான் என்றால், மூடியை மூடிவிட்டுத் தண்ணீர் ஊற்றுவது, காற்று வெளியேற நேரம் விடுவது, கைப்பிடிகளைத் துடைப்பது, துண்டைத் தனியாக வைப்பது ஆகியவை வேண்டும். அடிக்கடி போக வேண்டியிருப்பவர், தொற்று வந்தவர் போய்வந்த உடனே உள்ளே நுழையாமல் கொஞ்சம் பொறுங்கள். அவசரம் வந்தால் முடியாது, தெரியும். அப்போது முகக்கவசத்தோடு போங்கள்.

எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் என்று விற்கப்படுவதை எல்லாம் வாங்காதீர்கள். உங்கள் நோயே எதிர்ப்பு மண்டலம் அளவு மீறி வேலை செய்வதால் வந்தது. வைட்டமின் சி-யையும் மெக்னீசியத்தையும் அதிக அளவில் சாப்பிட்டால் வயிற்றுப்போக்கு வரும், அப்புறம் அது நோயா மாத்திரையா என்று பிரித்துச் சொல்ல முடியாது. புகை பிடிப்பவர்கள் விட்டுவிடுங்கள், கிரோன் நோயை அது நேரடியாகவே மோசமாக்கும்.

படி 7: காய்ச்சல் வந்துவிட்டால்

முதல் நாள் காலையில் உடம்பு சுடுகிறது, தொண்டை கரகரக்கிறது. மாத்திரைப் பெட்டி எதிரே இருக்கிறது. என்ன செய்வது?

மெசலமைன் இருந்தால் சாப்பிடுங்கள். ஸ்டீராய்டு இருந்தாலும் சாப்பிடுங்கள், அன்றைய அளவைக் கட்டாயம் விடக் கூடாது. காய்ச்சலின்போது உடம்புக்குக் கூடுதல் ஸ்டீராய்டு தேவைப்படலாம் என்பதால் அளவைக் கூட்ட வேண்டுமா என்று அன்றே கேளுங்கள். வாந்தியால் மாத்திரை தங்கவில்லை என்றால் அது அவசரம், ஊசியாகப் போட வேண்டிவரும். அசதியோபிரின், மெத்தோட்ரெக்சேட், டோஃபாசிடினிப் எடுப்பவர்கள் அடுத்த அளவுக்கு முன் மருத்துவரை அழையுங்கள். கோவிட் உறுதியானபோது இவற்றைத் தற்காலிகமாக நிறுத்திவைக்கச் சொன்னார்கள். அடாலிமுமாப் போன்ற ஊசியின் நாள் அன்றைக்கே வந்தால் அதையும் கேட்டுவிட்டுப் போடுங்கள், பெரும்பாலும் தேறும் வரை தள்ளிவைப்பார்கள். சில நாள் தள்ளிப்போவதால் குடலுக்குப் பெரிதாக ஒன்றும் ஆகிவிடாது.

பரிசோதனையை அன்றே செய்துகொள்ளுங்கள். வைரஸ் எதிர்ப்பு மருந்துகள் ஆரம்ப நாட்களில்தான் நன்றாக வேலை செய்யும். ஃப்ளூவுக்கான ஒசெல்டமிவிரை 48 மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது. கோவிடுக்கான நிர்மட்ரெல்விர்-ரிட்டோனவிரை ஐந்து நாளுக்குள் தொடங்க வேண்டும். ஆனால் இந்த ரிட்டோனவிர் கல்லீரலில் மற்ற மருந்துகள் கரையும் வழியை அடைத்துவிடும். டோஃபாசிடினிப், உபடாசிடினிப், புடசோனைடு, சைக்ளோஸ்போரின், டாக்ரோலிமஸ் ஆகியவற்றின் அளவு ரத்தத்தில் ஏறிவிடும். எழுதிக் கொடுப்பவர் உங்கள் குடல் மருத்துவராக இருக்க மாட்டார். அந்த ஒற்றைத் தாளை அவர் முன் வையுங்கள்.

உடம்பு வலிக்குப் பாராசிட்டமால் மட்டும். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவை குடல் நோயைக் கிளப்பிவிடக்கூடும். பெரியவர்களுக்கு ஒரு நாளில் 4 கிராமுக்கு மேல் பாராசிட்டமால் கூடாது. கல்லீரல் கோளாறோ எடைக் குறைவோ இருந்தால் இன்னும் குறைவு. சளி மாத்திரைகளுக்குள்ளும் பாராசிட்டமால் கலந்திருக்கும், உறையைப் படித்துக் கூட்டிப் பாருங்கள்.

படி 8: வயிற்றுப்போக்கு வைரஸாலா, நோயாலா?

கொரோனா வைரஸ் ஒட்டிக்கொள்ளும் ஏசிஇ2 என்ற ஏற்பி குடலிலும் நிறைய உண்டு. அதனால் கோவிட் நோயாளிகள் பலருக்கு வயிறும் போனது. வைரஸால் வருவது பெரும்பாலும் தண்ணீராக, சில நாளில் அடங்கும். ரத்தமும் சளியும் கலந்து வருவது, இரவில் எழுப்புவது, வாரம் தாண்டியும் குறையாதது ஆகியவை குடல் நோய் கிளம்பியதைக் காட்டலாம். கண்ணால் பார்த்து உறுதியாகச் சொல்ல முடியாது. வைரஸ் பரிசோதனையோடு கால்ப்ரொடெக்டினும், கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் என்ற பாக்டீரியாவுக்கான மலப் பரிசோதனையும் செய்வார்கள். ஆன்டிபயாடிக் எடுத்த பிறகு வயிறு கெட்டிருந்தால் கடைசியாகச் சொன்னதை நீங்களே நினைவூட்டுங்கள்.

நீர் இழப்பை ஈடுகட்ட உப்புச் சர்க்கரைக் கரைசல். பொட்டலம் இல்லாவிட்டால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் மட்டமாக ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. உப்பு கூடினால் ஆபத்து, அளந்தே போடுங்கள். சிறுகுடலை வயிற்றில் இட்ட துளை வழியாக வெளியே திறந்து பை பொருத்தியிருப்பவர்கள் (இலியோஸ்டமி) வெறும் தண்ணீரை லிட்டர் லிட்டராகக் குடித்தால் உப்பு இன்னும் வெளியேறும், அவர்களுக்குக் கரைசல்தான் வேண்டும். வயிற்றுப்போக்கை நிறுத்தும் லோபரமைடை, ரத்தமோ காய்ச்சலோ இருக்கும்போது தொடாதீர்கள். பெருங்குடல் வீங்கி வெடிக்கும் நிலைக்குப் போகலாம்.

படி 9: எப்போது மருத்துவமனைக்கு ஓட வேண்டும்

ஒரு நாளில் ஆறு முறைக்குக் குறையாமல் ரத்தத்தோடு மலம் போய், கூடவே 37.8 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சலோ நிமிடத்துக்கு 90-க்கு மேல் நாடித்துடிப்போ இருந்தால் அது கடுமையான கொலைட்டிஸ். 1955-ல் வகுத்த இந்த அளவுகோலை இன்றும் பயன்படுத்துகிறார்கள். வீட்டில் வைத்துப் பார்க்கும் நிலை அல்ல அது, தொற்றுப் பயம் இருந்தாலும் போயே ஆக வேண்டும். வயிறு உப்பி இறுகுவது, விடாத வாந்தி, சிறுநீர் வராமை, மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, குழப்பமான பேச்சு ஆகியவற்றுக்கும் இதேதான்.

ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலும் உடனே காட்டுங்கள். குடல் அழற்சி நோயில் ரத்தம் உறைந்து நாளத்தை அடைக்கும் ஆபத்து மற்றவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு. கோவிடும் ரத்தத்தை உறையவைக்கும். படுத்தே கிடக்காமல் அறைக்குள்ளாவது நடப்பதும் கால்களை அசைப்பதும் இதற்காகத்தான்.

படி 10: தேறிய பிறகு

நிறுத்திவைத்த மருந்தை மறுபடி தொடங்கும் தேதியைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். "உடம்பு நல்லாத்தானே இருக்கு" என்று அப்படியே விட்டுவிடுபவர்கள் உண்டு. வயிறு சில வாரம் அமைதியாக இருக்கும், பிறகு நோய் கிளம்பும். பொதுவாகத் தொற்றின் அறிகுறிகள் அடங்கியதும் தொடங்கச் சொல்வார்கள். தொற்று கடுமையாக இருந்திருந்தால் கூடுதலாகக் காத்திருக்கச் சொல்லலாம்.

தள்ளிப்போட்ட பரிசோதனைகளையும் கணக்கெடுங்கள். பெருங்குடல் நோய் தொடங்கி எட்டு ஆண்டு ஆனவர்களுக்குப் புற்றுநோய் வருகிறதா என்று பார்க்கும் கொலோனோஸ்கோப்பி தேவை. சில மாதம் தாமதமானால் பரவாயில்லை, மறந்துபோவதுதான் ஆபத்து. பித்தக் குழாய் அழற்சியும் சேர்ந்து இருப்பவர்களுக்கு கொலோனோஸ்கோப்பி ஆண்டுதோறும் வேண்டும் என்பதால், மருத்துவமனை திறந்ததும் வரிசையில் முன்னே நிற்க வேண்டியவர்கள் அவர்கள். முன்பதிவு செய்ய அழைக்கும்போதே அதைச் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் மற்றவர்களோடு சேர்த்துப் பின்னால் ஒரு தேதியைக் கொடுத்துவிடுவார்கள்.